அன்ரன் அண்ணையை உட்கார வைத்த டென்மார்க்காரர்

ஞாயிறு, காலை பதினொரு மணி. கால்சா பகுதித் தேவாலயத்தில் பூசை முடிந்ததும் ரெஜியின் பழைய காரில் ஏறினோம். மன்னாரிலிருந்து வந்து இத்தாலியின் பலெர்மோவில் வீட்டு வேலை செய்பவர் ரெஜி. நான் தங்கியிருந்தது அவர் வீட்டில். மூன்று யூரோவுக்கு வாங்கிய அரஞ்சினா என்ற பொரித்த சோற்றுருண்டை பாதி தின்னும்போதே மொண்டெல்லோ கடற்கரைக்குப் போகும் வழியில் மைதானம் வந்துவிட்டது. மதுரையில் எங்கள் தெரு அணிக்குப் பந்து பொறுக்கியதோடு என் கால்பந்து முடிந்தது. இங்கே வந்தது தமிழர் அணியின் பயிற்சியாளரைப் பார்க்க.

பெயர் யெஸ்பர். டென்மார்க்கில் முன்கள வீரராக இருந்து இத்தாலிக்கு ஆட வந்தவர். முழங்கால் வலியை யாரிடமும் சொல்லாமல் ஆடி ஆடி, இளவயதிலேயே ஆட முடியாமல் போனார். பிறகு சிறுவர் அணிகளுக்குப் பயிற்சியாளரானார். இந்தத் தமிழர் அணிக்குச் சம்பளமே இல்லாமல் சொல்லிக்கொடுக்கிறார். வீட்டு வேலை செய்பவர்களுக்கு வியாழன் பிற்பகல் ஓய்வு என்று தெரிந்ததும், தன் மற்ற வேலைகளை நகர்த்தி வியாழனை இவர்களுக்கென்று ஒதுக்கிவிட்டாராம். எனக்கு மனிதரை அப்போதே பிடித்துப்போயிற்று.

பன்னிரண்டு மணிக்கு ஆட்டம். வென்றே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். சிக்கல், அணித்தலைவர் அன்ரன் அண்ணை. ஐம்பதை நெருங்கியவர், முக்கால்வாசிப் பேருக்கு வேலை பிடித்துக் கொடுத்தவர். அதனால் யார் காலுக்குப் பந்து வந்தாலும் மரியாதையாக அவருக்கே போனது. அவரிடமிருந்து எதிரணிக்குப் போனது. இடைவேளையில் ஒரு கோல் பின்தங்கியிருந்தார்கள்.

யெஸ்பர் அண்ணையை இரண்டாம் பாதியில் ஆடாமல் வெளியே உட்காரச் சொன்னார்.

“அண்ணை இல்லாமல் நாங்கள் எப்பிடி இறங்கிறது?” என்றார் அணியில் ஆடும் ரெஜி.

யெஸ்பர் குனிந்து அண்ணையின் முழங்கால் பட்டியை விலக்கினார். கால் நன்றாக வீங்கியிருந்தது, யாருக்கும் தெரியாது. பிறகு தன் முழங்காலின் தழும்பைக் காட்டி, தன்னை அன்றைக்கு ஒருவரும் உட்கார வைக்கவில்லை என்று இத்தாலிய மொழியில் சொன்னார்.

அண்ணை தலைவர் பட்டியைக் கழற்றி ரெஜியின் கையில் கட்டினார். “கோச் சொல்லுறது சரி. நான் இஞ்சை இருந்து பாக்கிறன். ஒருத்தரும் என்னைப் பாத்து விளையாடக் கூடாது.”

அதன்பின் பந்து கோலை நோக்கிப் போகக் கற்றுக்கொண்டது. சமன் செய்தார்கள். முடியும் தறுவாயில் ரெஜி வெற்றிக் கோலை அடித்தார். நான் கத்திய கத்தலில் தொண்டை போய்விட்டது. யெஸ்பர் மட்டும் அதைப் பார்க்கவில்லை. அண்ணையின் முன் மண்டியிட்டு முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் தெருவில் பந்து வாங்கியவர்தான் கடைசிவரை கேப்டன். அவரை வெளியே எடுக்க எவருக்கும் துணிவு வந்ததில்லை. அவர் நொண்டியதை எல்லோரும் பார்த்தோம். காலுக்கு என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை.