பிறகு வரும் சூடு

பள்ளிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஈர வாடை வகுப்புக்குள் வந்த நேரத்தில் ஒரு மாணவி எழுந்து, "பச்சாத்தாபம்னா இன்னா மிஸ்?" என்று கேட்டாள்.

வடமொழியிலிருந்து வந்த சொல். 'பச்சாத்' என்றால் பிறகு, 'தாபம்' என்றால் சூடு, தப்பு செய்த பிறகு மனசு சுடுவது என்று சொல்லிக்கொண்டே கரும்பலகையில் எழுதினேன். சுண்ணாம்பு வாடை பழைய நாளொன்றை நினைவுபடுத்தியது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டுவார். முழங்கை வரை நீளும் அவருடைய ரப்பர் கையுறையின் ஓரத்தில் இரண்டு வளையம் வெட்டி, ஜடைகளுக்குப் போட்டுக்கொண்டேன். கத்தரி வழுக்கி, கையுறையின் மணிக்கட்டுப் பக்கம் சின்னதாக ஒரு கீறல் விழுந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் அப்பா கையைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார். மணிக்கட்டு வெந்திருந்தது.

"சுண்ணாம்புத் தண்ணி உள்ள பூந்துட்ச்சி. அப்போ ஒண்ணும் தெரியல, இப்பதான் எரியுது" என்று அம்மாவிடம் சொன்னார்.

நான் ஜடைகளைக் கைக்குள் பொத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"இங்க வாம்மா, கொஞ்சம் ஊதி வுடு."

போய்க் குனிந்து ஊதினேன். இரண்டு ஜடையும் சரிந்து அவர் மடியில் விழுந்தன. நிறுத்தினால் நிமிர வேண்டும், நிமிர்ந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். மூச்சு முட்டும் வரை ஊதினேன்.

அப்பா இப்போது என்னோடுதான் இருக்கிறார். அன்று அந்த வளையங்களைப் பார்த்தாரா என்று கேட்க இன்னும் தைரியம் வரவில்லை.

கரும்பலகையில் எழுதி முடித்தும் மாணவி உட்காரவில்லை.

"பிறகுன்னா, எவ்ளோ நேரம் கழிச்சி மிஸ்?"