‘பயம்’ என்றொரு கட்டம்

சென்ற புதன்கிழமை காலை மந்தைவெளியில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் கல்லூரி விலங்கியல் ஆய்வுக்கூட உதவியாளர் யூசுப் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். ஐம்பது வயது மனிதர், என்னைக் கண்டால் ஏதாவது கிண்டல் செய்யாமல் போகமாட்டார். அன்று, “நம்ம சார் பூட்டாரு சார்” என்று மட்டும் சொன்னார். நான் வரிசையை விட்டு விலகவில்லை. என் முறை வந்து, எண்ணெயை வாங்கி வீட்டில் வைத்துவிட்டுத்தான் சாவு வீட்டுக்குப் போனேன். நான் எப்படிப்பட்டவன் என்று வாசகருக்கு முதலிலேயே தெரிந்துவிடுவது நல்லது.

மறைந்தவர் விலங்கியல் விரிவுரையாளர் ஞானசுந்தரம். நான் அதே கல்லூரியில் வேதியியல். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே பேருந்தில் அடையாறுக்கும் மயிலாப்பூருக்கும் இடையே போய்வந்தோம். அழிந்துபோன விலங்குகள்தான் அவர் பேச்செல்லாம். நர்மதைக் கரையில் ஒரு காலத்தில் நீர்யானை இருந்தது என்பதையும், இந்த நாட்டில் தீக்கோழி ஓடியது என்பதையும், பக்கத்து வீட்டுச் செய்தியைப் போலச் சொல்வார். கேட்டுக்கொண்டிருந்து இறங்க வேண்டிய இடத்தை நான் தவறவிட்டதுண்டு.

எமர்ஜென்சி முடிந்த கோடையில், அமெரிக்காவிலிருந்து வந்த அவருடைய தங்கை மகன் ஒரு விளையாட்டுப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். அதில் ஒருவர் காட்டையும் மிருகங்களையும் வாயால் சொல்லிக்கொண்டு வருவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலித்ததா என்பதைப் பகடை தீர்மானிக்கும். புத்தகம் முழுக்க நெருப்புக் கக்கும் பூதங்கள். சாருக்கு அவை வேண்டியிருக்கவில்லை. “நிஜமா இருந்ததே இத்தனை இருக்கு. இல்லாதது எதுக்கு?” என்றார்.

ஒரு நீள நோட்டில் அவரே மிருகங்களை எழுதினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். பலம், வேகம், பசி ஆகியவற்றுக்கு முன்னால், முதல் கட்டம் ‘பயம்’. அந்த மிருகம் எதைக் கண்டு அஞ்சும் என்பதை அதில் எழுதுவார். “அது உங்களைக் கொல்றதுக்காகக் காத்துக்கிட்டு நிக்கல. அதுக்கு அது வேலை இருக்கு” என்பார். மனிதன் பார்த்திராத மிருகம் எதையும் அவர் உள்ளே விடவில்லை. ஞாயிறு பிற்பகல்களில் அவருடைய அடையாறு வீட்டில் கூடினோம். அவர் மனைவி கோமதி அம்மாள், யூசுப், நான் என்று மூன்று வேட்டைக்காரர்கள். பகடைக்கு வீட்டுத் தாயக்கட்டை. எங்களுக்கும் நோட்டில் பக்கம் உண்டு, எங்கள் பயத்தை நாங்களே எழுதிக்கொள்ள வேண்டும். கோமதி அம்மாள் ‘தனிமை’ என்று எழுதினார். யூசுப் ‘பாம்பு’ என்று எழுதினார். நான் ‘எதுவுமில்லை’ என்று எழுதினேன்.

மூன்றாவது வாரம், நான்கு கொம்புள்ள சிவத்தேரியம் ஒன்றைத் தீப்பந்தம் காட்டிச் சேற்றில் இறக்கிக் கொன்றேன். ஒட்டகச்சிவிங்கிக்கு உறவு, யானை கனம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சார் சிவப்புப் பேனாவால் அந்தப் பக்கத்தில் குறுக்கே கோடு இழுத்து, தேதி போட்டார். அடியில் ‘எதனால் அழிந்தது’ என்ற கட்டத்தில், ‘சேற்றுக்கு விரட்டப்பட்டதால்’ என்று எழுதினார்.

அடுத்த வாரம் யூசுப், “இன்னா சார், இன்னொன்னு கீதா அது?” என்றார்.

“இல்ல யூசுப். அது முடிஞ்சுபோச்சு.”

அதுதான் அவர் விளையாட்டு. செத்தது திரும்ப வராது. நாங்கள் அதற்குப் பிறகு மிருகங்களைக் கண்டால் ஒதுங்கி வழிவிடப் பழகினோம். பிற்பகல் முழுக்க ஒரு நீர்யானை கரையேறக் காத்திருந்துவிட்டுக் காபி குடித்துக் கலைந்திருக்கிறோம்.

தி.நகரில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்த அண்ணாச்சியிடம் இதைக் கொண்டுபோனவன் நான். அச்சிட அவர் ஒப்புக்கொண்டார். சார் கடைக்கு வரக் கூச்சப்பட்டு என்னையே அனுப்பினார். பயக் கட்டத்தையும் சிவப்புக் கோட்டையும் தொடக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அண்ணாச்சி தன்மையாகத்தான் சொன்னார். “செத்த மிருகம் திரும்ப வராதுன்னா பிள்ளைங்க மறுபடி எப்படிங்க விளையாடும்? பயந்து ஓடுற மிருகத்தை யாரு வாங்குவா?” முடியாது என்று சொன்னால் பேச்சே முறிந்துவிடுமோ என்று எனக்கு நடுக்கம். பெட்டியில் என் பெயரும் சிறிய எழுத்தில் வருவதாக இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, எழுதியது எழுதியபடி வருகிறது என்று சாரிடம் சொன்னேன். அவர் நம்பினார்.

தீபாவளிக்குப் பெட்டி வந்தது. மேலே, டைனோசரின் கழுத்தில் ஈட்டி பாய்ச்சும் மனிதன். கீழே ஞானசுந்தரம், எம்.எஸ்ஸி. அவர் அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். “பயம்னு ஒரு கட்டம் இருந்துதே, அது எங்கே?” என்று கேட்டார். அண்ணாச்சி என்னைக் கேட்காமல் எடுத்துவிட்டிருக்கிறார் என்றேன். “சரி” என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகள் நின்றன. ஆசிரியர் அறையில், மனிதனும் டைனோசரும் சேர்ந்து வாழ்ந்ததைக் கண்டுபிடித்தவர் என்று சிரித்தார்கள். துறைத் தலைவர் பதவிக்கு நேர்காணல் நடந்தபோது, ஒருவர் அந்தப் பெட்டியையே மேஜைமேல் எடுத்து வைத்தாராம். பதவி கிடைக்கவில்லை. பேருந்தில் எனக்கு எப்போதும்போல் இடம் பிடித்து வைத்தார். விலங்குகளைப் பற்றி மட்டும் பேசுவதை விட்டுவிட்டார்.

நேற்று இரங்கல் கூட்டம். மாலை போட்ட படத்துக்கு முன்னால் அந்தப் பெட்டியை வைத்திருந்தார்கள். சிரித்த அதே வாய்கள், குழந்தைகளுக்கு அறிவியலை விளையாட்டாகத் தந்தவர் என்று புகழ்ந்தன. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். நம்மூரில் மனிதனுக்கு இறந்த பிறகுதான் விலை. நானும் பேசினேன். பெட்டியை எடுக்கச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

கூட்டம் முடிந்ததும் கோமதி அம்மாள் நோட்டை என் கையில் கொடுத்தார். “பெட்டி வந்த அன்னைக்குச் சாயங்காலமே அண்ணாச்சி கடைக்குப் போய்க் கேட்டுட்டு வந்துட்டார். நீங்களா சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தார்” என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருக்கும்.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். தீக்கோழியும் நீர்யானையும் கோடு படாமல் உயிரோடு இருந்தன. கோமதி அம்மாள், யூசுப் பக்கங்களும் சுத்தம். என் பக்கத்தில் குறுக்கே சிவப்புக் கோடு. பெட்டி வந்த நாளின் தேதி, அவர் கையெழுத்தில். அடியில் ‘எதனால் அழிந்தது’ என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறார். எந்த மிருகத்துக்கும் அவர் அதைக் காலியாக விட்டதில்லை.

சார், ஓராண்டுக்கும் மேலாக எனக்காக அந்த இடத்தை விட்டு வைத்திருந்தீர்கள். கண் கெட்ட பிறகு செய்கிற நமஸ்காரம்தான் இது, தெரியும். இன்று காலை உங்கள் சிவப்புப் பேனா கிடைக்காமல் என் பேனாவாலேயே அந்தக் கட்டத்தை நிரப்பினேன். ‘பயத்தால்’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா என்று பார்க்க இனி நீங்கள் இல்லை. போய்வாருங்கள்.