இடுப்பெலும்பு ஊசியும் தாய்மாமன் மடியும்

எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் நர்ஸுக்கு முக்கியமான கருவி வாய்தான். டாக்டர் பின்னால் நின்று இடுப்பெலும்பில் ஊசியை இறக்குவார்; நான் முன்னால் நின்று ஆளைப் பேச்சில் பிடித்து வைப்பேன். ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆளா நீங்கள்? சங்கடப்படாதீர்கள், நானும் உங்கள் கட்சிதான்.

எறும்புக் கடி

கப்பலூரில் லேத் ஓட்டும் முருகேசனுக்குக் கதவை அடைக்கிற உடம்பு. ரத்த அணுக்கள் ஏன் குறைந்துகொண்டே போகின்றன என்று இந்தப் பரிசோதனையில்தான் தெரியும். தெரியாமல் வைத்தியம் தொடங்க முடியாது. எங்கள் இளம் டாக்டர் தைரியம் சொல்வதாக நினைத்து, "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்றார். முருகேசன் தட்டிலிருந்த ஊசியை ஒரு பார்வை பார்த்தார். கட்டிலிலிருந்து இறங்கிச் சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார்: "அம்புட்டுப் பெரிய எறும்பு எந்த ஊர்ல சார் இருக்கு?"

போனில் உண்மை

அவர் ஓடியதில் எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் போட்டு உள்ளதைச் சொன்னேன். மரத்துப்போக முதலில் ஊசி போடுவோம், அது எரியும். மஜ்ஜையை உறிஞ்சும்போது சுண்டி இழுக்கும், ஒரு மூச்சு நேரம்தான். மெதுவாக மூச்சு விட்டால் தாங்கலாம். கேட்டுவிட்டு முருகேசன் சொன்னார்: "வாரேன் சிஸ்டர். ஆனா காது குத்துனப்ப மாமா மடியிலதான் உக்காந்தேன், இதுக்கும் மாமா வரணும்."

மாமா வந்தார்

மாமாவுக்குச் சிம்மக்கல்லில் வெங்காய மண்டி. முறுக்கு மீசை, கனத்த குரல். மடிக்கு வழியில்லை, ஒருக்களித்துப் படுத்த மருமகனின் கையைப் பிடித்துக்கொள்ள ஸ்டூல் போட்டோம். மரத்துப்போன பிறகு பெரிய ஊசி வெளியே வந்தது. மாமா எட்டிப் பார்த்தார். மீசை அப்படியே இருந்தது, ஆள் என் மேல் சரிந்தார்.

முருகேசன் கையை விடவில்லை. "என்னையப் பாருங்க மாமா, மூச்ச மெதுவா இழுங்க, விடுங்க" என்று நான் சொல்லிக் கொடுத்த பாடத்தை அவருக்கு நடத்தினார். அந்தக் கலவரத்தில் டாக்டர் உறிஞ்சி முடித்தேவிட்டார். முருகேசனிடமிருந்து ஒரு "ஸ்ஸ்" மட்டும் வந்தது. முடிந்துவிட்டது என்றேன், காதில் விழவில்லை. "மொதல்ல மாமாவுக்கு ஒரு சோடா குடுங்க சிஸ்டர்!"

மறுபடியும்

நோய் தெரிந்தது, மருந்தும் ஆரம்பித்தது. அது கேட்கிறதா என்று பார்க்க மறுபரிசோதனை. இம்முறை டாக்டரே, "வலிக்கும்ணே, சொல்லிட்டுத்தான் செய்வேன்" என்றார். மாமா மட்டும், "நான் வெளியவே உக்காந்துக்கிறேன் மாப்ள" என்று நழுவினார். முருகேசன் அவர் கையை எட்டிப் பிடித்தார்: "நீங்க மயங்குனாத்தான் மாமா எனக்கு வலி தெரியல!"

அன்றிலிருந்து மருந்து மேசையில் ஒரு சோடாவும் வைக்கிறேன், எந்த டாக்டரும் இதுவரை ஏனென்று கேட்டதில்லை.