கரையில் விடப்பட்டவர்களைப் பற்றிக் கேட்ட அருள்தாஸ் சித்தப்பா

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பாடசாலை முடிந்து மெத்ரோவில் பாரிஸின் புறநகரான சென் தெனிக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் அப்பாவின் செய்தி வந்தது. "சித்தப்பா மோசம் போட்டார். வரேக்கை ரெண்டு பாண் வாங்கிக்கொண்டு வா." அழுதுகொண்டே பேக்கரி வரிசையில் நின்று இரண்டு பாண் வாங்கினேன். ஒரு மனிதரின் சாவும் பாணும் ஒரே செய்தியில் வந்தன. நானும் சொன்னபடி வாங்கிக்கொண்டு போனேன்.

அருள்தாஸ் சித்தப்பா என் அப்பாவின் தம்பி, மன்னாரில் பிறந்தவர். லா சப்பலில், ரயில் பாதைக்குப் பின்னாலுள்ள வாடகை மண்டபத்தில் பத்தொன்பது ஆண்டுகள் காவலாளியாக இருந்தார். எங்கள் ஆட்களின் பிறந்தநாள், கலியாணம், சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் கதிரை அடுக்கியவர் அவர்தான். அவரைக் காணாதவர்கள் குறைவு. பெயர் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. "கார்டியன் அண்ணை, மைக் வேலை செய்யேல்லை" என்பதற்கு மேல் அவரிடம் யாரும் பேசியதில்லை.

அந்த மண்டபத்தை ஒவ்வொரு செப்டெம்பரிலும் சில ஐரிஷ் குடும்பத்தார் ஒருநாள் எடுப்பார்கள். நானூறு ஆண்டுகளுக்கு முன் அயர்லாந்தின் வடக்கிலிருந்து குலத் தலைவர்கள் சிலர் தங்கள் உறவினரோடு கப்பலேறினார்கள். ஸ்பெயினுக்குப் புறப்பட்டவர்களைப் புயல் பிரான்சின் கரையில் ஒதுக்கியது. பிறகு ரோமாபுரிக்குப் போனார்கள். ஊர் திரும்பவே இல்லை. அந்தப் புறப்பாட்டை நினைவுகூரும் விழா அது. சுவரெல்லாம் குலச்சின்னம் வரைந்த கேடயங்கள், மேடையில் யாழ், மேசையில் புகையூட்டிய சாமன் மீன்.

எனக்குப் பத்து வயதானபோது சித்தப்பா என்னை முதன்முறையாக அங்கே கூட்டிப்போனார். பேச்சுகள் ஆங்கிலத்தில் நடந்தன. "நீ இங்கிலிஷ் புத்தகமெல்லாம் படிக்கிறனியெல்லோ, என்னவாம் எண்டு சொல்லு பிள்ளை" என்றார். தலைவர்கள் இழந்த கோட்டைகளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றேன்.

"கோட்டை போனது சரி. கீழை இருந்த சனத்தின்ரை காணி?"

"அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை, சித்தப்பா."

"சொல்லமாட்டினம். கப்பலிலை இடம் கிடைச்சவைதானே விழா வைக்கினம்."

அதன்பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன். மூத்த தலைவருக்கு ஒரு சின்ன மகன் இருந்தான். அந்த ஊர் வழக்கப்படி அவன் வேறொரு வீட்டில் வளர்ந்தான். கப்பல் வந்துவிட்டது என்று தெரிந்ததும் ஆள் அனுப்பித் தேடினார்கள். மாட்டு மந்தையோடு மேய்ச்சல் நிலத்துக்குப் போயிருந்த வளர்ப்பு வீட்டாரை உரிய நேரத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. கப்பல் போய்விட்டது. பிறகு அரசாங்கம் அவனைப் பிடித்து, கடைசியில் லண்டனில் சிறை வைத்தது. இதைச் சொன்னபோது சித்தப்பா கதிரை அடுக்குவதை நிறுத்திவிட்டார்.

அடுத்தடுத்த விழாக்களில் அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பெடியனைப் பற்றி இண்டைக்காவது கதைச்சவையோ?" ஒரு முறைகூட இல்லை. எனக்குப் பதினான்கு வயதான ஆண்டு, பொறுக்க முடியாமல், பேசி முடித்து இறங்கிய விழாத் தலைவரிடம் தன் பிரெஞ்சில் அவரே கேட்டார்: "ஐயா, சின்ன மகனை ஏன் ஒருவரும் சொல்வதில்லை?" அந்த மனிதர் சிரித்தார். "அது சோகமான விடயம், இன்று கொண்டாட்டம் அல்லவா" என்று சொல்லிக் குடித்து முடித்த கிண்ணத்தைச் சித்தப்பாவின் கையில் வைத்துவிட்டுப் போனார். கிண்ணத்தின் விளிம்பில் மீன் எண்ணெய் ஒட்டியிருந்தது. அந்தக் கூட்டமே எனக்கு அருவருப்பாக இருந்தது. இறந்துபோன பிரபுக்களுக்காகக் கண் கலங்குகிறார்கள், கேள்வி கேட்ட மனிதரை மேசையாகப் பாவிக்கிறார்கள்.

அன்று சமையலறையில் கிண்ணங்களைக் கழுவியபடி அவர் தன் கதையைச் சொன்னார். மன்னாரில் அவருக்கு ஒரு துணைவி இருந்தார். கோயிலில் பதியவில்லை, எங்கள் குடும்பம் விடவில்லை. பெண் வீட்டார் எங்களுக்குச் சமமில்லையாம். மகள் பிறந்து பதினொரு மாதம். தாயும் பிள்ளையும் பேசாலையில் தாய் வீட்டில் இருந்தபோது, ஆமி தேடுகிறது, படகு இப்போதே வெளிக்கிடுகிறது என்றார்கள்.

"பேசாலைக்குப் போட்டு வர நேரம் தரச்சொல்லிக் கேட்டனான் பிள்ளை. ஓட்டி மாட்டன் எண்டிட்டான். நான் ஏறிட்டன். ஆரும் என்னைத் தூக்கி ஏத்தேல்லை. நானாத்தான் ஏறினனான்."

தாய் பின்னர் காய்ச்சலில் இறந்துவிட்டார். கலியாணப் பதிவு இல்லை, பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் இல்லை. அதனால் பிரான்சில் குடிவரவைப் பார்க்கும் எந்தப் பிரிபெக்சர் அலுவலகமும் மகளைக் கூப்பிட விடவில்லை. அந்த மகள் ஜெனிற்றா. ஒவ்வொரு ஞாயிறும் மண்டபத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து சித்தப்பா அவருடன் தொலைபேசியில் பேசுவார். "என்ன கறி வைச்சனி, மீனோ? எனக்கும் ஒரு துண்டு போடு" என்று சிரிப்பார், பிறகு என்னிடமும் பேசத் தருவார்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். சித்தப்பா இறந்த மறுநாள், மரண அறிவித்தல் எழுத என்னை அழைத்தார்கள். வீட்டில் பிழையில்லாமல் தமிழ் தட்டச்சு செய்யக்கூடியவள் நான்தான். அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். காலஞ்சென்றவர்களின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு சகோதரனும், கனடாவிலுள்ளவரின் மைத்துனரும். அவரை ஒருநாளும் தொலைபேசியில் அழைக்காதவர்கள் எல்லோரும் அந்த அறிவித்தலில் வரிசையாக வந்தார்கள்.

"ஜெனிற்றா அக்கா?" என்று கேட்டேன்.

"அவன் கலியாணம் கட்டேல்லை. கட்டாதவனுக்கு எங்காலை மகள்?"

"அப்பா, உங்களுக்குத் தெரியும்தானே."

"தெரியும். சனத்துக்குத் தெரியத் தேவையில்லை. எழுதடி."

எழுதினேன். ஒரு எழுத்தும் பிழையில்லை. அடுத்த நாள் அது லா சப்பல் கடைக் கண்ணாடிகளில், புடவை மலிவு விற்பனை அறிவிப்புக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. கிண்ணத்தைக் கையில் வைத்துவிட்டுப் போன அந்த மனிதரை எத்தனை கேவலமாக நினைத்தேன்! அவருக்கு அந்தச் சிறுவனை நேரில் தெரியாது. எனக்கு ஜெனிற்றா அக்காவின் குரல் தெரியும்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அக்காவை அழைத்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுக்குமுன் அவரே சொன்னார்: "இணையத்திலை பாத்தனான் தங்கச்சி. அழாதை. என்ரை பேர் இல்லாட்டிலும் அப்பான்ரை படம் நல்ல வடிவு. கடையிலை குடுத்துப் பெருசாக்கி எடுத்தனான்."

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை எழுதும்படி அப்பா கேட்டார். இதுவரை உள்ளதை எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "இது மலரிலை வராது" என்றார். வரவில்லை. ஆகவே நானே நகலெடுத்து, திருப்பலி முடிந்து வரும் உங்கள் ஒவ்வொருவருக்கும் கோயில் வாசலில் நின்று தருகிறேன். அப்பா உள்ளே முன்வரிசையில் இருக்கிறார். வெளியே வந்ததும் என்ன சொல்வார் என்று தெரியும். இதைக் கசக்கி எறிய விரும்புகிறவர்கள், கடைசி வரியிலுள்ள பெயரை ஒருமுறை வாசித்துவிட்டு எறியுங்கள்.

சித்தப்பா, ஏறினது நானாகத்தான் என்று சொல்லும் துணிவு உங்களுக்கு இருந்தது. அந்த அறிவித்தலை எழுதியதும் நானாகத்தான். நிம்மதியாக உறங்குங்கள்.

அமரர் அருள்தாஸ் அவர்கள், மன்னார் பேசாலையில் வசிக்கும் ஜெனிற்றாவின் பாசமிகு தந்தை.