மழையில் அணைந்த தீச்சட்டி

காய்ச்சலில் கிடந்த என் மகள் பிழைத்தால் தீச்சட்டி எடுப்பதாக எங்கள் எஸ்டேட் மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தேன். பிழைத்துவிட்டாள். திருவிழா அன்று ஓடையில் பூசை முடித்து, சட்டியை ஏந்திக் கிளம்பினேன். பாதி வழியில் காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன. தேயிலை ஃபேக்டரி வாசலுக்கு வரும்போது நெருப்பு அணைந்தேவிட்டது. அம்மனுக்கு என்மேல் என்ன கோபமோ, மகளுக்கு மறுபடி ஏதாவது ஆகிவிடுமோ என்று அழுகை முட்டியது.

அந்த ஃபேக்டரியைக் கண்டாலே எனக்கு ஆகாது. அதன் புகை, காயப்போட்ட துணியெல்லாம் கரியாக்கும். தினமும் திட்டுவேன்.

உள்ளேயிருந்து முன்பின் தெரியாத ஒருவர் இரும்புத் தட்டு நிறையக் கங்குகளோடு ஓடிவந்தார். பாய்லருக்கு விறகு போடுபவராம்.

“அழுவாதீங்க. சட்டியைக் காட்டுங்க.”

“ஃபேக்டரி நெருப்பை அம்மன் ஏத்துக்குவாளுங்களா?”

“நெருப்புல என்னங்க வித்தியாசம்? அது அணையாமப் பாத்துக்கறதுதானுங்க எனக்கு வேலையே.”

கங்குகளைச் சட்டியில் கொட்டினார். பூட்ஸைக் கழற்றிவிட்டு, கோயில் வரைக்கும் சட்டிக்குக் குடை பிடித்தபடி கூடவே நடந்தார். அவர் தொப்பலாக நனைந்துபோனார். நெருப்பு நனையவில்லை.

இன்னமும் துணியில் கரி படிகிறது. இப்போது திட்டுவதில்லை. புகைபோக்கியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மறுபடி துவைக்கிறேன்.