கதவுக்குப் பின்னால் ஓடிய படம்

படம் ஓட்டுகிறவனைச் சனங்கள் நினைப்பது திட்டுவதற்கு மட்டும்தான். மூட்டைப்பூச்சியோடு நாற்காலியைப் பங்கிட்ட உங்களுக்கும் இது தெரியும். மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் வாங்கிய சமயத்தில் காஜா பேராங்கில் ஒரு தியேட்டரில் ஆப்பரேட்டராக இருந்தேன். அங்கே கேட்ட ஒரு கதையைப் பல வருஷம் நான் நம்பவில்லை.

வாசலில் டிக்கெட் கிழித்த சுப்பையா அண்ணன், ஜப்பான்காரன் பிடித்துப்போய்ச் சயாமில் ரயில் பாதை போட வைத்தவர்களில் ஒருவர். கூடப் போன தம்பி காலராக் கொட்டகையில் செத்துவிட்டான் என்பார். பார்த்தீர்களா என்றால், "உள்ளே விடல. தட்டிக்கு வெளியே நின்னேன். கூப்பிட்டுக்கிட்டே இருந்தான், அப்புறம் சத்தம் நின்னுடுச்சு" என்பார். புக்கிட் பாருவில் அந்தத் தம்பியின் மனைவி இதை நம்பாமல் பொட்டோடு இருந்தாள். படம் காட்டிப் பிழைத்த நானும், கண்ணால் பார்க்காததை எப்படி நம்புவது என்றிருந்தேன்.

பிடரி

நாஜிகள் யூதர்களை அடைத்துக் கொன்ற முகாமைப் பற்றி ஒரு வெளிநாட்டுப் படம் வந்தது. காமிரா ஒரு கைதியின் முதுகை விட்டு நகரவே இல்லை. அவன் பிடரி மட்டும் தெளிவு. சுற்றி நடக்கும் கொலையெல்லாம் மங்கல். "ஃபோகஸ்" என்று கீழே கூச்சல். லென்ஸைத் திருகினேன், பிடரியும் மங்கிப்போனது. அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க இரண்டு பேர் எழுந்தே நின்றார்கள். இடைவேளையில் மளிகைக்கடை பாய் மேலே ஏறி வந்தார்.

"இவன் பிடரியைப் பார்க்கவா தம்பி கடையைப் பூட்டிட்டு வந்தேன்? கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு."

நாலு கை

அடுத்த ரீல் அதைவிட மோசம். திரையில் ஓர் இரும்புக் கதவு மட்டும், அசைவே இல்லை. உள்ளே அடைபட்டவர்கள் தட்டுவதும் அலறுவதும் மட்டும் கேட்கிறது. ரீல் சிக்கிவிட்டதென்று விசில் பறந்தது. பிறகு விசிலும் தானாக அடங்கியது. செமாபோக்கிலிருந்து வாரம் தவறாமல் வரும் ராசாத்தி அக்கா, படம் விட்டதும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணைப் பொத்தினா காதுல வருது. ரெண்டையும் பொத்த எனக்கு என்ன நாலு கையா இருக்கு?"

குமிழ்

மறுநாள் மத்தியானக் காட்சியில் அந்தக் கதவு வந்ததும், அக்காவுக்குப் பயந்து சத்தத்தைக் குறைத்தேன். வாசலைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு சுப்பையா அண்ணன் படியேறி ஓடி வந்தார். மூச்சு வாங்க, குமிழைத் தானே திருப்பினார்.

"சத்தம் இருக்கிற வரைக்கும்தான் தம்பி, உள்ளே ஆளு உயிரோட இருக்கு. நீ ஏன் நிறுத்துற?"

அவர் தட்டிக்கு வெளியே நின்று கண்டதை, ஒன்றும் காணாமலே, நானும் முந்தின நாளிலிருந்து கண்டுகொண்டிருந்தேன். பழைய சந்தேகம் போய்விட்டது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்தவர் சாவைக் காட்டிச் சோறு தின்றவன் கேட்கக் கூடாததுதான், ஆனாலும் படம் முடிந்து மெஷின் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன்:

"அண்ணே, சத்தம் நின்ன பிறகு நீங்க அங்கிருந்து வந்தீங்களா, இல்ல நீங்க வந்துட்டதாலதான் சத்தம் நின்னுச்சா?"