சாரத்தில் வடித்த டீசல்

மண் அள்ளும் பெக்கோ மெஷின் ஓட்டுகிறவனுக்கு மழை ஆகாது. எனக்கு மாரிகாலமே ஆகாது. ஆனாலும் மூதூருக்குத் தெற்கே கடலோடு சேருகிற களப்பின் வாய் அடைபட்டால் வயல்காரருக்கு முதலில் ஞாபகம் வருகிறவன் நான்தான். கடல் அள்ளிப் போட்ட மணல், களப்பின் வாயை மூடிவிடும். மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் வயலுக்குள் ஏறும். நான் பெக்கோவைக் கொண்டுபோய் மணலை வெட்டி வழி விடவேண்டும். வருடாவருடம் நடக்கிற கூத்து இது.

இந்த முறை எனக்கு அது கூத்தாக இல்லை. தண்ணீருக்குள் கிடந்த வயல்களில் ஒன்று என் தங்கையுடையது. மச்சான் கட்டாருக்கு வேலைக்குப் போனபிறகு வேளாண்மையை அவள்தான் பார்க்கிறாள். முதல் விதைப்பை முளைவிட்ட கையோடு மழை அடித்துக்கொண்டு போயிருந்தது. வீட்டில் இருந்த நெல்லையெல்லாம் வழித்தெடுத்து இரண்டாம் தரமும் விதைத்திருந்தாள். நான் போய் இறங்கியதும், "அண்ணா, இதுவும் போனால் பிறகு ஒண்டுமில்லை" என்றாள். பயிர் தண்ணீருக்குள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், பிறகு அழுகும். ஏற்கெனவே பிந்தித்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அன்றைக்கே வெட்டியாக வேண்டும்.

நான் வந்த பாதையை எனக்குப் பின்னாலேயே வெள்ளம் மூடிவிட்டது. பெக்கோவின் டாங்கியில் டீசல் அடிமட்டத்தில் நின்றது. டீசல் அடிக்கிற செட்டுக்குப் போக வழியில்லை. விஷயம் தெரிந்ததுதான் தாமதம், ஊர் கிளம்பிவிட்டது. அந்த ஊரில் பொது வேலை என்றால் வீட்டுக்கு வீடு பங்கு வரவேண்டும். கல்யாணமோ செத்தவீடோ, அரிசி, தேங்காய், விறகு என்று எதையாவது சுமந்துகொண்டு வருவார்கள். இப்போது டீசல் சுமந்து வந்தார்கள். கானில், போத்தலில், ஒருவர் தண்ணீர்க் குடத்தில். சிலது படகுக்கு வைத்திருந்தது. சிலது மூடியில்லாத தகரப் பரலில் மழையோடு மழையாகக் கிடந்தது.

எந்த வீட்டுப் பங்கையும் வேண்டாம் என்று சொல்ல ஏலாது. சொன்னால் அந்த வீட்டைச் சபையில் வைத்து அவமானப்படுத்திய மாதிரி. ஒரு பெரியவர் தோய்த்து வைத்திருந்த, இடுப்பில் கட்டுகிற சாரம் ஒன்றை நாலாக மடித்து டாங்கி வாயில் பிடித்தார். எல்லாப் பங்கையும் அதற்குள் ஊற்றினார்கள். தும்பும் தூசியும் துணியில் நின்றன. தண்ணீர் நிற்குமா? அது டீசலோடு சேர்ந்து சமத்தாக உள்ளே இறங்கியது. எனக்குத் தெரியாமல் இல்லை. பில்டருக்குக் கீழே தண்ணீர் பிடிக்கிற கிண்ணம் இருக்கிறது, கொஞ்ச நேரமாவது தாங்கும் என்று பார்த்தேன்.

தாங்கவில்லை. மணலில் பாதி வெட்டும்போது இஞ்சின் இருமத் தொடங்கியது. கைப்பிடியை இழுக்க இழுக்கச் சத்து இறங்கி, வாளி நிறைய மணலோடு அப்படியே நின்றுபோனது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவை உதைத்துக்கொண்டு இறங்கினேன். பில்டரைக் கழற்றிக் கவிழ்த்தால் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் கொட்டியது. சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யார் வீட்டுக் கானில் இருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

கையில் இரண்டு பில்டர் இருந்தது. கிண்ணத்தைத் திறந்து தண்ணீரை வடியவிட்டு, புது பில்டரின் றபர் வளையத்தில் எண்ணெய் தடவிப் பூட்டினேன். பிறகு கைப்பம்பை அடித்து, குழாய்க்குள் அடைத்த காற்றை, எயாரை, எடுக்கவேண்டும். மேலே இருக்கிற ஆணியைத் தளர்த்திவிட்டு அடிக்க அடிக்க நுரை நுரையாக வரும். நுரை நின்று வெறும் டீசல் வந்தால்தான் ஆணியை இறுக்கலாம். பெருவிரல் மரத்துப்போகும் வரைக்கும் அடித்தேன். ஸ்டார்ட் வந்தது. ஊர் கைதட்டியது. தட்டிய கை ஓய முதல் திரும்பவும் நின்றது.

இனி மிஞ்சியது ஒரேயொரு பில்டர். அதையும் இந்தத் தண்ணீருக்குத் தின்னக் கொடுத்தால் கதை முடிந்தது. டாங்கியின் அடி ஆணியைக் கழற்றி முழுவதையும் மணலில் ஓடவிட்டேன். ஊரின் பங்கெல்லாம் ஓடி மணலில் ஊறியது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எவருக்கும் மனம் வரவில்லை, ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். நல்ல டீசலுக்கு எங்கே போவது? இருப்பதையெல்லாம் தந்துவிட்டார்கள். நான் வெறும் டாங்கிக்குப் பக்கத்தில் ஈர மணலில் குந்தியிருந்தேன். அழலாம் போலத்தான் இருந்தது.

பின்னேரம் என் தங்கை ஒரு பெரிய கானை இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்ணீரை உழக்கிக்கொண்டு வந்தாள். மூடியைத் திறந்து போத்தலில் கொஞ்சம் ஊற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தேன். அடியில் ஒரு துளி மண்டி இல்லை. சந்தோசத்தில் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கடைசி பில்டரைப் பூட்டி, எயார் எடுத்து, திறப்பைத் திருப்பினேன். இஞ்சின் பிடித்துக்கொண்டது. சத்தம் சீராக வந்தது. அப்போதுதான் இருக்கையில் இருந்து குனிந்து அவளைக் கேட்டேன்.

"இவ்வளவு டீசல் எங்கால பிள்ளை?"

"எங்கட உழவு மெஷின்ல இருந்து இறக்கினனான். திரும்ப உழ வேண்டி வந்தாலெண்டு ஒளிச்சு வச்சிருந்தது."

"பிறகு உழவுக்கு என்ன செய்யப் போறாய்?"

"மத்தியானம் வயலுக்குள்ள இறங்கிப் பாத்தனான், அண்ணா. பிடிச்சால் கையோட வருது. எல்லாம் அழுகிட்டுது. இனி விதைக்க நெல்லும் இல்லை, உழுது என்ன செய்யிறது?" என்றாள். பிறகு, "நீங்கள் வெட்டுங்கோ. மற்ற ஆக்களின்ரயாவது தப்பட்டும்" என்றாள்.

அவளுடைய வயல் மேட்டு வயல். அங்கேயே அழுகிவிட்டதென்றால், பள்ளத்து வயல்களுக்கு என்ன கதி என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் நிமிர்ந்து உட்கார்ந்து வாளியை மணலில் இறக்கினேன். களப்பின் வாய் திறந்து தண்ணீர் முழுவதும் கடலுக்குப் பாயும் வரைக்கும் பெக்கோ ஒரு தடவைகூட நிற்கவில்லை.